எதிராளி இல்லாத ஆட்டம்

டயாலிசிஸ் சிகிச்சை பெறும் ஒருவர் பெரும்பாலும் வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் எந்திரத்துடன் இணைந்திருக்கிறார். ஓராண்டிற்குக் கணக்கிட்டால் 624 மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்தால் 26 முழு நாள்கள். நீரின் அளவு, உப்பு, பொட்டாசியம், ஃபிஸ்டுலா பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றிச் சிறுநீரக மருத்துவர்களாகிய நாங்கள் சலிக்காமல் பேசுகிறோம். அந்த 26 நாள்களை ஒருவர் எவ்வாறு கழிப்பது என்பதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு.

காரைக்குடியிலிருந்தும் அமராவதிபுதூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வருபவர்களில் சிலர் உறங்கிவிடுகின்றனர். சிலர் கைபேசியைப் பார்க்கின்றனர். ஒரு மணி நேரத்தில் அதுவும் அலுத்துவிடுகிறது, அல்லது சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே படுத்திருக்கின்றனர். இதில் அலுப்பைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. எந்த நாளில் வருவது, எத்தனை மணிக்கு ஊசி குத்துவது, உடலிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது, எப்போது எழுவது ஆகிய அனைத்தையும் பிறரே முடிவு செய்கின்றனர். கடையையோ வயலையோ வீட்டையோ தம் சொல்லால் நடத்திவந்த ஒருவருக்கு அந்த நான்கு மணி நேரத்தில் முடிவெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

எனவே இக்கட்டுரை ஒரு விளையாட்டைப் பற்றியது. குழந்தைகளுக்கு உரியது என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கட்டிலில் இருப்பவர் ஆடத்தக்க ஆட்டம் சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கை அசையக் கூடாது. ஆகவே ஒரே கையால் ஆடத்தக்கதாக இருக்க வேண்டும். உடன் வந்தவர் வெளியே காத்திருக்கிறார்; ஆகவே எதிராளி இருக்க இயலாது. எந்த நொடியிலும் எந்திரம் ஒலி எழுப்பலாம், இரத்த அழுத்தம் குறையலாம், உறக்கம் வரலாம். ஆகவே எந்த இடத்திலும் நிறுத்தி, இரண்டு நாள் கழித்து அதே இடத்திலிருந்து தொடரத்தக்கதாக இருக்க வேண்டும். விதிகள் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அவை அடங்க வேண்டும்.

பழைய ஆட்டங்கள் கற்பிப்பவை

தனியாக ஆடுவது நமக்குப் புதிதன்று. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஒரு வகை உண்டு. அசோக வனத்தில் சிறையிருந்த சீதை தனியே ஆடியது என்று மரபு அதற்குக் காரணம் சொல்லும். அதை ஆடும் முறைகளில் ஒன்று பின்வருமாறு. ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என 28 காய்களை இட வேண்டும். ஏழு காய்கள் உள்ள குழியை எடுத்து அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டுச் சுற்றி வந்தால், கடைசிக் காய் எடுத்த குழியிலேயே விழும். இப்போது வரிசை 1, 7, 6, 5, 4, 3, 2 என்று மாறியிருக்கும். மீண்டும் ஏழு உள்ள குழியை எடுக்க வேண்டும். இவ்வாறு ஏழு முறை செய்தால் தொடக்கத்தில் இருந்த வரிசையே திரும்ப வந்து நிற்கும். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் செய்து பாருங்கள். எத்தனை முறை செய்தாலும் அந்த மீட்சி வியப்பைத் தரும்.

ஆயினும் சீதைப் பாண்டியில் ஆடுபவர் முடிவு செய்வதற்கு ஒன்றுமில்லை. எதிர்பாராதது நிகழ்வதற்கும் இடமில்லை. கை ஓடுகிறது, மனம் அமைதியடைகிறது, அவ்வளவே. செபமாலை உருட்டுவதற்கு அது நெருக்கமானது. பரமபதத்தை எடுத்துக்கொண்டால் அதில் எதிர்பாராதவை ஏராளம். தாயக்கட்டை விழுந்தபடி ஏணி ஏறுகிறோம், பாம்பின் வாயில் விழுந்து இறங்குகிறோம். ஆனால் அங்கும் நாம் தேர்ந்தெடுப்பது எதுவுமில்லை. ஆடு புலி ஆட்டம் இதற்கு நேர்மாறு. 3 புலிகளையும் 15 ஆடுகளையும் வைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் சிந்தித்து எடுத்த முடிவு. அதிர்ஷ்டத்திற்கு அங்கு வேலையில்லை. ஆனால் எதிரே ஒருவர் அமர்ந்தாக வேண்டும்.

தேர்வும் வேண்டும், எதிர்பாராதவையும் வேண்டும், எதிரே ஆளும் இருக்கக் கூடாது என்றால் எதிராளியின் வேலையை விதிகள் செய்ய வேண்டும். உலகில் இதற்கு விடை தேடியவர்கள் இருக்கின்றனர். அமெரிக்காவில் 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தில் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைக் கற்பனை செய்துகொண்டு, நடுவராக இருப்பவர் சொல்லும் கதைக்குள் நடப்பார்கள். முயற்சி பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அடுத்த ஆண்டே கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் 'டன்னல்ஸ் அண்டு டிரால்ஸ்' என்ற எளிய வடிவத்தை உருவாக்கினார். அதற்காக 1976இல் வெளிவந்த 'பஃபலோ காசில்' என்ற சிறு நூலில் நடுவரே தேவைப்படவில்லை. நடுவர் சொல்ல வேண்டியதை நூலின் பத்திகள் சொல்லின. 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் இங்கிலாந்தில் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' அம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. எண்ணிட்ட 400 பத்திகள், இரண்டு பகடைகள், ஒரு பென்சில், இவை போதும். இடப்பக்கம் திரும்பினால் இந்த எண்ணுக்குச் செல்க, வலப்பக்கம் திரும்பினால் அந்த எண்ணுக்குச் செல்க என்று நூல் வழிகாட்டும். நாயகனுக்குத் திறம், வலிமை, அதிர்ஷ்டம் என மூன்றே எண்கள். அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று குறையும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. அதிர்ஷ்டமும் செலவாகும் பொருள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதி வேறில்லை.

ஜோ டெவர் 1984இல் தொடங்கிய 'லோன் உல்ஃப்' வரிசை நூல்களில் பகடையும் இல்லை. கடைசிப் பக்கத்தில் 0 முதல் 9 வரையுள்ள எண்கள் கலைந்து அச்சிடப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பென்சில் முனையை அதன்மேல் வைத்தால் எந்த எண்ணில் படுகிறதோ அதுவே விழுந்த எண். பகடையை உருட்ட இடமில்லாத இரயில் பயணிக்கும், கட்டிலில் படுத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

இந்நூல்களை அப்படியே கையில் கொடுக்கலாமே என்று கேட்கலாம். அவை ஆங்கிலத்தில் உள்ளன; எழுத்து சிறியது; ஒரு கையால் புத்தகத்தை விரித்துப் பிடித்துப் பக்கம் தேடுவது எளிதன்று. மேலும் அவற்றில் வரும் டிராகனும் கோட்டையும் நம் பெரியவர்களின் கற்பனையில் இல்லை. நமக்கு ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் உடலுக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கும் அரக்கன் இருக்கிறான். அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைக்கு அவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

நான்கு புளியங்கொட்டைகள்

எங்கள் பிரிவில் சிலர் இப்போது ஆடிவரும் விதிகளை விளக்குகிறேன். இவற்றை எழுதும்போது ஒரு விதியைச் சேர்ப்பதைவிட ஒன்றை நீக்குவதற்கே அதிக நேரம் சென்றது.

பகடைக்குப் பதில் நான்கு புளியங்கொட்டைகள். தாயம் ஆடுவதற்குச் செய்வது போலவே ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். அவற்றை உள்ளே இருப்பது தெரியும்படியான ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு மூடிவிட வேண்டும். ஒரு கையால் குலுக்கிப் படுக்கையில் வைத்தால் எத்தனை வெள்ளை தெரிகிறது என்று எண்ணிவிடலாம். டப்பா மூடியிருப்பதால் கொட்டை கட்டிலுக்கு அடியில் உருண்டு செல்லாது. எடுத்துத் தரச் செவிலியரை அழைக்கவும் வேண்டாம். இடையே ஒரு சொல்: கொட்டை மட்டுமே உங்களுக்கு, புளி அன்று. புளியில் பொட்டாசியம் மிகுதி என்பதை நம் உணவியல் நிபுணர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

நாயகனுக்கு ஒரு பெயர், ஒரு திறம், ஒரு குறை, கையில் மூன்று பொருள்கள், ஐந்து மூச்சு. வேறு எண்கள் இல்லை. திறம் என்பது அவர் நன்கு அறிந்த தொழில்: மீன்பிடித்தல், தையல், கணக்கு எழுதுதல், பிள்ளைகளை உறங்கச் செய்தல், எதுவாகவும் இருக்கலாம். குறை என்பது அவரைத் தடுமாறச் செய்வது: இருட்டு, உயரம், முகத்துதி.

ஏதேனும் ஒன்றைச் செய்ய முயலும்போது, ஆம் அல்லது இல்லை என்று விடை வரத்தக்க ஒரு கேள்வியாக அதை அமைத்து, வாய்விட்டோ மனத்திலோ சொல்லிவிட்டு டப்பாவைக் குலுக்க வேண்டும். இரண்டு வெள்ளை விழுந்தால் ஆம், ஆனால் ஒரு விலை உண்டு. ஒரு மூச்சையோ கைப்பொருள் ஒன்றையோ இழக்க வேண்டும். மூன்று விழுந்தால் விலையின்றி ஆம். நான்கு விழுந்தால் ஆம், கூடவே எதிர்பாராத ஒரு நன்மை. ஒன்றே விழுந்தால் இல்லை. அவ்வழி அடைபட்டது, வேறு வழி தேட வேண்டும். ஒன்றுமே வெள்ளையாக விழாவிட்டால் இல்லை, அத்துடன் ஒரு மூச்சும் போயிற்று. முயற்சி நாயகனின் திறத்தைச் சார்ந்ததாயின் கறுப்பாக விழுந்த ஒரு கொட்டையை வெள்ளையாகக் கொள்ளலாம். குறையைத் தொடுவதாயின் வெள்ளை ஒன்றைக் கறுப்பாகக் கொள்ள வேண்டும்.

இதன் கணக்கு எளிது. நான்கு கொட்டைகளும் இருபக்கமும் சமமாக விழும் என்று கொண்டால், 16 முறைக்குச் சராசரியாக 6 முறை இரண்டு வெள்ளை விழும். ஒன்றும் மூன்றும் தலா 4 முறை, வெறுமையும் நான்கும் தலா ஒரு முறை. அதாவது மிகுதியாக வரும் விடை 'ஆம், ஆனால் விலை உண்டு' என்பதே. இது வேண்டுமென்றே அமைத்தது. வெறும் 'ஆம்' கதையை முடித்துவிடும். வெறும் 'இல்லை' ஆடுபவரைச் சோர்வடையச் செய்யும். விலை கேட்கும் விடையில்தான், எதை இழப்பது என்ற முடிவு ஆடுபவர் கைக்கு வருகிறது. திறத்தைப் பயன்படுத்தும்போது தோல்வி 16இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொழில் அங்கே அவரைக் கைவிடுவதில்லை.

மூச்சு தீர்ந்தால் என்ன ஆகும்? மேலைநாட்டு நூல்களில் நாயகன் இறந்துவிடுவான். முதல் பத்தியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவில் அது வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. பரமபதத்தில் பாம்பு கடித்தவர் ஆட்டத்தை விட்டு நீங்குவதில்லை; கீழே இறங்குகிறார், அங்கிருந்து மறுபடி நடக்கிறார். அதையே எடுத்துக்கொண்டோம். மூச்சு தீர்ந்த நாயகன் கைப்பொருள்களை இழந்து முதல் வாசலுக்குத் திரும்புகிறான். ஐந்து மூச்சும் மீண்டும் கிடைக்கும். ஆனால் அவன் அறிந்துகொண்டவை அவனிடமே இருக்கும். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று குறித்த வரைபடம் அழிவதில்லை.

அரக்கன் பூட்டிய மழை

இடம் வேண்டுமே? அதற்கு நாங்கள் கற்பனை செய்யத் தேவையிருக்கவில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடு எந்தக் கோட்டைக்கும் குறைந்ததன்று. அதன் அமைப்பை இப்பகுதியில் அறியாதவர் அரிது: முகப்பு, பட்டாலை, தூண்கள் சூழ்ந்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல். பல வீடுகளில் முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். ஆகவே கதை இது: இப்பகுதிக்கு வர வேண்டிய மழை முழுவதையும் ஓர் அரக்கன் ஆளற்ற பெருவீடு ஒன்றில் பூட்டி வைத்திருக்கிறான். அவன் உயிர் ஒரு கிளியிடம் உள்ளது. கிளி அந்த வீட்டின் ஏதோ ஓர் அறையில் உள்ளது. மூன்று தடயங்கள் கிடைத்தால் அது எந்த அறை என்று தெரிந்துவிடும்.

ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழையும்போது ஒரு முறை டப்பாவைக் குலுக்க வேண்டும். வெறுமையாக விழுந்தால் அங்கே பகை இருக்கிறது. ஒன்று விழுந்தால் தடை. இரண்டு விழுந்தால் ஆளில்லை, ஆனால் எடுத்துக்கொள்ள ஒரு பொருள் உண்டு. மூன்று விழுந்தால் பேசும் உயிர். நான்கு விழுந்தால் அதிசயம். அது என்ன பகை, எத்தகைய உயிர் என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். பகையையோ தடையையோ கடந்தாலும், பேசும் உயிரின் நம்பிக்கையைப் பெற்றாலும், அதிசயத்தின் பொருளை அறிந்தாலும் ஒரு தடயம் கிடைக்கும்.

ஓர் ஆட்டம் நடந்த விதத்தைச் சொன்னால் விளங்கும். நாயகர் பினாங்கிலிருந்து கப்பலில் திரும்பிய ஒரு கணக்குப்பிள்ளை. திறம் கணக்கு; குறை இருட்டு. கையில் குடை, பேரேடு, ஒரு பொட்டலம் பொரி. பட்டாலையில் நுழைந்ததும் ஒரு வெள்ளை விழுந்தது: தடை. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கற்கள். பூ வரைந்த கல்லை மிதித்தால் அது உள்ளே இறங்கும் என்று ஆடியவர் அமைத்துக்கொண்டார். எண்ணி எண்ணி மிதித்துக் கடந்துவிட முடியுமா என்று கேட்டுக் குலுக்கினார். மறுபடி ஒன்று. எண்ணுவது கணக்குப்பிள்ளையின் திறம் அல்லவா? ஒன்று இரண்டாயிற்று. கடந்துவிட்டார், விலை ஒன்று. பேரேட்டையும் பொரியையும் காத்துக்கொண்டு குடையை விட்டார். முதல் தடயம் கிடைத்தது. வளவில் மூன்று விழுந்தது: பேசும் உயிர். அது ஆளோ விலங்கோ அன்று, ஒரு பர்மா தேக்குத் தூண். நூறு ஆண்டுகளாக நின்ற இடத்தில் நிற்கிறது. தன் காட்டைப் பற்றி யாரேனும் கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறது. இதை அமைத்தவர் தம் வாழ்நாளில் கதை எதுவும் எழுதியவர் அல்லர். தூணிடம் என்ன பேசினார் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் தடயம் கிடைத்ததாக ஏட்டில் எழுதியிருந்தார். இரண்டாம் கட்டில் இருட்டு. ஒரு வெள்ளை விழுந்து, குறையினால் அதுவும் கறுப்பாயிற்று. அந்நேரம் எந்திரம் ஒலி எழுப்பியது. 'இரண்டாம் கட்டு, மூச்சு 4, பேரேடு, பொரி, தடயம் 2' என்று ஒரு வரி எழுதி ஏட்டை மூடினார். அடுத்த சிகிச்சை நாளில் அங்கிருந்தே தொடர்ந்தார்.

தனியாக ஆடும்போது ஏமாற்றலாமே என்று பலர் சிரித்துக்கொண்டே கேட்கின்றனர். தாராளமாக ஏமாற்றலாம். பிடிக்காத விடை விழுந்து மறுபடி குலுக்குபவர் தாம் எந்த விடையை விரும்புகிறார் என்பதையாவது அறிந்துகொள்கிறார். பிறர் முடிவுகளுக்கே உட்பட்டிருக்கும் ஒருவர் ஒரு புளியங்கொட்டையின் முடிவை மீறினால் நான் வருந்த மாட்டேன்.

விதிகளில் முதல் வரி

ஆனால் ஒரு விதியில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. தாளின் முதல் வரியாக, பெரிய எழுத்தில் அது இருக்கிறது: உங்கள் உடலைப் பற்றிய எந்தக் கேள்வியையும் கொட்டைகளிடம் கேட்காதீர்கள்.

இதற்குக் காரணம் நம் பழக்கத்திலேயே உள்ளது. சோழி உருட்டிப் பார்ப்பதும், பூக் கேட்பதும், திருவுளச்சீட்டு எடுப்பதும் நமக்குப் புதியன அல்ல. ஆம், இல்லை என்று விடை சொல்லும் ஒரு டப்பா கையில் இருக்கும்போது, அரக்கனைப் பற்றிய கேள்விகள் தீர்ந்த ஒரு பின்மாலையில், மனம் வேறொரு கேள்விக்குத் தாவும். உறுப்பு மாற்றுக்குப் பதிந்து காத்திருக்கும் ஒருவர், தமக்குச் சிறுநீரகம் கிடைக்குமா என்று கேட்டுக் குலுக்கினார். வெள்ளை ஒன்றுமே விழவில்லை. அன்று மாலை அவர் உணவைத் தொடவில்லை என்று அவர் மனைவி கூறியபோதுதான் செய்தி வெளிப்பட்டது.

அவரிடம் நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். நான்கு கொட்டைகளும் கறுப்பாக விழுவதற்கு 16இல் ஒரு வாய்ப்பு. நாள்தோறும் 30 முறை குலுக்கினால் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு முறை அது விழும். நீங்கள் நலமாக இருக்கும் நாளிலும் விழும், கிளி கிடைக்கும் நாளிலும் விழும். உறுப்பு மாற்றுப் பட்டியலில் வரிசையை முடிவு செய்வன இரத்த வகை, காத்திருக்கும் காலம், மருத்துவ நிலை முதலியன. அவற்றைப் பற்றி என்னிடம் கேட்கலாம். விடை எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்வேன். கொட்டைக்கு அந்த வசதி இல்லை. அது எப்போதும் ஏதேனும் ஒரு விடையைச் சொல்லியே தீரும்.

அவர் இப்போதும் ஆடுகிறார். டப்பாவின் மூடியில் சிறு துண்டுத் தாள் ஒட்டி 'கிளி மட்டும்' என்று எழுதிவைத்திருக்கிறார்.

இதே காரணத்தால் அரக்கனுக்கு நோயின் பெயரைச் சூட்டுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மாறான அனுபவமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த விளையாட்டு வடிவமைப்பாளர் ஜேன் மெக்கானிகல் 2009இல் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியுற்று நெடுநாள் துன்புற்றார். படிக்க முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அந்நிலையில் தம்மையே நாயகியாகவும், நோயை வெல்ல வேண்டிய எதிரியாகவும் வைத்து ஓர் ஆட்டத்தை அமைத்துக்கொண்டார். பிரகாசமான விளக்குகள் பகைவர், உடன்பிறந்தவரும் கணவரும் துணைவர். அது பின்னர் 'சூப்பர்பெட்டர்' என்ற பெயரில் பலரும் பயன்படுத்தும் செயலியாயிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்தியோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. பாதியில் விட்டுச் சென்றோரும் மிகுதி. ஆனால் மெக்கானிகலின் நோய் காலப்போக்கில் ஆறக்கூடியது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அத்தகையது அன்று; அது கூடவே வாழ வேண்டிய ஒன்று. அதை அரக்கனாக்கிவிட்டால், இரத்தப் பரிசோதனை முடிவு சற்று மோசமாகும் ஒவ்வொரு முறையும் ஒரு தோல்வியாகத் தோன்றும். மழையைப் பூட்டிய அரக்கன் போதும்.

இந்த ஆட்டத்தால் இரத்த அழுத்தம் குறையும், கிரியாட்டினின் இறங்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். கவனம் வேறிடத்தில் இருக்கும்போது வலியும் நேரமும் சுருங்கித் தோன்றும் என்பது மட்டும் நன்கு அறியப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மனும் அவர் குழுவினரும் தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனிமலைக் காட்சிகள் நிறைந்த கணினி உலகு ஒன்றைக் காட்டி, அவர்கள் உணரும் வலி குறைவதைப் பதிவு செய்திருக்கின்றனர். நம்மிடம் அக்கருவி இல்லை, புளியங்கொட்டை இருக்கிறது.

ஆடுவதற்கு முன்

ஊசி பொருத்தி, முதல் இரத்த அழுத்தம் பார்த்து, செவிலியர் சரி என்று சொன்ன பின்னரே தொடங்க வேண்டும். ஏடோ தாளோ போர்வையோ ஊசி உள்ள இடத்தை மறைக்கக் கூடாது. செவிலியர் கண்ணுக்கு அது எப்போதும் தெரிந்தபடி இருக்க வேண்டும். தலைசுற்றல், திடீர் வியர்வை, தசைப்பிடிப்பு, நெஞ்சில் இறுக்கம், ஊசி இடத்தில் ஈரம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் குலுக்கிய டப்பாவின் விடையைப் பார்க்கக்கூடக் காத்திராமல் அழைத்துவிடுங்கள். ஒருவரது டப்பாவையும் ஏட்டையும் மற்றவர் வாங்கி ஆடக் கூடாது. டயாலிசிஸ் பிரிவில் கட்டிலுக்குக் கட்டில் பொருள் மாறுவது தொற்றுக்கு வழி. புளியங்கொட்டைக்கு விலை இல்லை என்பதால் இதில் யாருக்கும் குறை நேராது. பணம் வைத்து ஆடுவது பற்றி எழுதவே வேண்டியதில்லை. எதிராளி இல்லாத இடத்தில் யாரிடம் வெல்வது?

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. கொட்டையைத் தேய்த்துக் கொடுப்பது அவற்றுள் முதலாவது. பார்வை குறைந்தவர்களுக்கு விதித்தாளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். எழுதும் கையிலேயே ஃபிஸ்டுலா உள்ள சிலருக்கு, ஆட்டம் முடிந்த பின் அவர் சொல்லச் சொல்ல அந்த ஒரு வரியை எழுதி வைக்கலாம். ஆட்டத்தின் நடுவே அருகில் அமர்ந்து 'இப்படிச் செய்யுங்கள்' என்று வழி சொல்ல மட்டும் வேண்டாம். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் எடுக்கும் முடிவுகள் அவருடையவையாக இருக்கட்டும்.

சிறு பிள்ளைகளைச் சிகிச்சைப் பிரிவுக்குள் நாங்கள் அனுமதிப்பதில்லை. தாத்தாவும் அப்பத்தாவும் வாரம் மூன்று நாள் எங்கே செல்கின்றனர் என்பது அவர்களுக்குப் புரியாத செய்தியாகவே இருந்துவருகிறது. ஒரு குடும்பத்தில் பேத்தி தபால் அட்டை அளவுள்ள தாள்களில் அந்த வீட்டின் அறைகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கையோ பூதத்தையோ அமர்த்தி, உறையில் இட்டு ஒட்டி அனுப்புகிறாள். சிகிச்சைக்கு ஓர் உறை. கட்டிலில் ஊசி பொருத்திய பின்னரே அதைப் பிரிக்க வேண்டும் என்பது அவள் விதி. சென்ற வாரம் அடுப்படியில் ஒரு முதலை இருந்தது. அப்பத்தாவின் நாயகிக்குத் திறம் சமையல் ஆதலால் முதலை பசியாறி, தடயத்தைக் கொடுத்துவிட்டது. மாலையில் வீடு திரும்பியதும் முதலைக்கு என்ன சமைத்துப் போட்டார் என்பதை அவர் விளக்கியாக வேண்டியிருந்தது.

விதித்தாளும் வீட்டின் வரைபடமும் டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். டப்பாவும் கொட்டைகளும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கொட்டைகளைத் தேய்த்த பின் கழுவி, ஒரு நாள் வெயிலில் உலர்த்திக்கொள்ளுங்கள்.